வாவிக்கரையின் மறைந்த செல்வம்

ஏறாவூர் உழவனுக்குக் கோரை ஒரு களை. நாட்டு வைத்தியருக்கோ அதன் கிழங்கு காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் மருந்து. 2015ஆம் ஆண்டில் அக்கிழங்கைப் பற்றிய மூன்றாவது உண்மையொன்று வெளியாயிற்று. இலங்கைக் கோரைக்கிழங்கின் உள்ளிருந்து ரைசொக்ரோனியா சொலானி என்னும் பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்து வளர்த்த இலங்கை, கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள், அது ஆக்கிய புதிய இரசாயனப் பொருளுக்குச் சோலனியோயிக் அமிலம் எனப் பெயரிட்டனர். மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டபிலோகொக்கசுக் கிருமியையும் அப்பொருள் ஆய்வுகூடத்திலே அடக்கியது. அது மருந்தாக இன்னும் நெடுவழி உண்டு. ஆயினும், நெற்பயிரின் இலையுறையைக் கருகச் செய்து உழவனை வாட்டுவதும் இதே இனப் பூஞ்சணந்தான்! பகையென நாம் கண்டதனுள்ளும் பயன் உறைகிறது.

செடிக்குள் தங்கி வாழும் பூஞ்சணங்கள் கோரைக்கு மட்டும் உரியவையல்ல. தமிழ்நாட்டுக் கண்டல் இலைகளின் உள்ளேயும் அவை குடியிருப்பதைச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1998ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினர். நம் வாவிக்கரையிலும் கண்டலும் தில்லையும் நிற்கின்றன. அவற்றின் இலைக்குள் என்ன இருக்கிறதென்று பாராமலே விறகுக்கும் இறால் பண்ணைக்கும் வெட்டுவது, படித்தறியாத ஏட்டை அடுப்பில் இடுவதற்கு ஒப்பாகும்.

காத்தல் ஒன்று, உரிமை மற்றொன்று. 1969இல் நோர்வே நாட்டில் எடுத்த ஒருபிடி மண்ணிலிருந்து கிடைத்த பூஞ்சணமே, உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பெருந்துணையான சைக்கிளோஸ்போரின் மருந்தைத் தந்தது. அதை ஆக்கிய சுவிஸ் கம்பெனி பெருஞ்செல்வம் ஈட்டியது. மண் தந்த நாட்டுக்குப் பங்கில்லை. 1992ஆம் ஆண்டின் உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கை, இயற்கை வளம் அந்தந்த நாட்டின் உரிமையென்றும், பயனில் நியாயமான பங்கு வேண்டுமென்றும் வகுத்தது. இலங்கை 1994இல் அதை ஏற்றது. ஏற்றது ஏட்டோடு நிற்கலாமா?

ஏறாவூருக்கு அண்மையில், வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வாவிக்கரைத் தாவரங்களின் பூஞ்சணங்களைச் சேர்த்து, வளர்த்து, காக்கும் பணியை அரசு அதனிடம் ஒப்படைத்து, வேண்டிய பணத்தையும் ஒதுக்க வேண்டும். வெளிநாட்டார் ஆராய வரட்டும், வரவேற்போம். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வருவாயில் ஒரு பங்கு கரையைக் காக்கும் ஊர்மக்களைச் சேர வேண்டும். நம் கரையிலே பிறந்த மருந்தைப் பிறர் சொன்ன விலைக்கு நாமே வாங்கும் நிலை வரலாகாது. கண்டல் நிற்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.