ஃபிரீ எழுதாதது சோம்பலா?

"மலொக் செய்த ஒவ்வொரு நினைவகத் துண்டுக்கும் அதை விடுவிக்க ஒரு ஃபிரீ வேண்டும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மூலநிரலில் பல இடங்களில் அது இல்லை, ஆகவே சோம்பேறிகளின் வேலை" என்கிறார் நண்பர். யாழ்ப்பாணத்தில் சி மொழி படித்த எங்களுக்குத் தொடக்கத்திலேயே ஊட்டப்பட்ட விதிதான். பரீட்சைக்கு நல்லது. தரவுத்தள சேர்வருக்குப் போதாது.

ஒரு வினவல் நடுவழியில் பூச்சியத்தால் வகுத்து முறிகிறது என்று வையுங்கள். போஸ்ட்கிரெஸ் லோங்ஜம்ப் மூலம், அடுக்கடுக்காக அழைத்த பங்சன்களை எல்லாம் தாண்டி வெளியே பாய்ந்துவிடும். அவற்றின் கடைசி வரியில் நண்பர் கவனமாக எழுதிவைத்த ஃபிரீ ஓடவே ஓடாது. அதனால்தான் மலொக்குக்குப் பதிலாகப் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தும் பாலொக், எடுக்கும் ஒவ்வொரு துண்டையும் ஒரு நினைவகச் சூழலின் கீழ் வைக்கிறது. வினவல் முடிந்தாலும் முறிந்தாலும் அதற்குரிய சூழல் மொத்தமாக அழியும். பந்தி முடிந்தால் இலையோடுதானே எடுக்கிறோம், கறி கறியாகவா? நினைவகமே தீர்ந்துபோனால் பிழையைச் சொல்லி மீள்வதற்கென்று 8 கிலோபைட்டை முற்கூட்டியே ஒதுக்கியும் வைத்திருக்கிறார்கள். இதுவா சோம்பல்?

இணைப்பு உள்ளவரை வாழும் சூழலில் துண்டுகளைப் போட்டுவிட்டு மறந்தால் கசிவுதான், மறுக்கவில்லை. அங்கே பாலொக்கின் ஃபிரீயான பிஃபிரீ எழுதத்தான் வேண்டும், எழுதியும் இருக்கிறார்கள். நண்பர் அந்தக் கோப்புகளைத் திறக்கவில்லைப் போலும்.