எத்தனை நடை ஓடும்?

களியக்காவிளையில் லாரி வைத்துப் பிழைப்பவன் நான். எல்லை தாண்டித் திருவனந்தபுரம் பக்கம் சரக்கு ஏற்றி விடுவது தொழில். இதே சாலையில்தான் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தும்பாவிலும் வலியமலையிலும் உள்ள இஸ்ரோ மையங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். இஸ்ரோ தலைவராக இருந்த சிவனும், 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த நாராயணனும் இந்த மாவட்டத்துக்காரர்கள். விண்வெளி இங்கே வீட்டுப் பேச்சு.

2024 ஜூன் 23-ல் கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே, ஹெலிகாப்டரிலிருந்து நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்ட இஸ்ரோவின் இறக்கை வைத்த சோதனை வண்டி 'புஷ்பக்', பலத்த காற்றிலும் தானே வழி பிடித்து ஓடுபாதையில் இறங்கியது. அன்றைக்குப் பெருமைப்பட்டேன். ஆனால் இறக்கை வைத்த வண்டி வந்தால் விண்வெளிச் செலவு சட்டென்று குறையும் என்ற பேச்சை ஏற்க மாட்டேன்.

வண்டியின் சொந்த எடை கூடினால் சரக்கு குறையும். இறக்கைக்குக் காற்று வேண்டும். ராக்கெட்டோ சில நிமிடங்களில் அடர்ந்த காற்றைத் தாண்டிவிடுகிறது. அதன்பின் சுற்றுப்பாதை வரை, மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகம் வரை, இறக்கை வெறும் பாரம். அமெரிக்க விண்கலமான ஷட்டிலின் எடை 75 டன்னுக்கு மேல். கொண்டுபோக முடிந்த சரக்கு அதிகபட்சம் 27 டன் அளவு. திரும்பும்போது வெப்பம் தாங்க ஒட்டிய ஓடுகள் 20,000-க்கும் மேல். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அத்தனையையும் பார்க்க வேண்டியிருந்தது. 2003-ல் கொலம்பியா என்ற ஷட்டிலின் இறக்கை விளிம்பில் பட்ட அடி ஏழு பேர் உயிரைக் கொண்டுபோனது. வாரம் ஒன்று என்ற கனவோடு தொடங்கிய ஷட்டில், ஒரே ஆண்டில் அதிகமாகப் பறந்தது 1985-ல், 9 நடை.

பால்கன் 9 ராக்கெட் வேறு வழி பிடித்தது. முதல் கட்டம் பாதி வழியில் பிரிந்து, எஞ்சினைத் திரும்பவும் எரித்துச் செங்குத்தாக இறங்குகிறது. சுற்றுப்பாதை வேகத்தைத் தொடாததால் அந்தக் கொடும் வெப்பம் இல்லை. விலை கூடிய எஞ்சின்களும் கைக்கு வருகின்றன. 2024-ல் அது 130 முறைக்கு மேல் கிளம்பியது.

அந்த ஆண்டு நாம் ஏவியவை ஐந்து. இதுதான் என் கவலை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டி எவ்வளவு நல்ல வண்டியானாலும் தவணை கட்டாது.

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய்க்கு அடுத்த தலைமுறை ராக்கெட்டை அனுமதித்தது. 30 டன் தூக்கும்; முதல் கட்டம் திரும்பி வரும். சரியான முடிவு அது. அந்த வேலைக்குத்தான் பணமும் ஆளும் முதலில் போக வேண்டும். புஷ்பக்கைக் கைவிடச் சொல்லவில்லை. விண்வெளி நிலையம் அமைத்தால், அங்கிருந்து ஆய்வுப் பொருள்களை அதிராமல் ஓடுபாதைக்குக் கொண்டுவர அதுபோன்ற வண்டி தேவைப்படும். ஏற்றும் வாடகையைக் குறைக்கும் வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

குலசேகரப்பட்டினம் ஏவுதள வேலையிலும் அவசரம் காட்ட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைகிறது. எரிபொருள் வீண், சின்ன ராக்கெட்டுக்குத் தாங்காத நஷ்டம். குலசையிலிருந்து நேராகத் தெற்கே போகலாம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. அங்கிருந்து ஆண்டுக்கு எத்தனை நடை, யாருடைய சரக்கு என்ற கணக்கை இஸ்ரோ இப்போதே மக்கள் முன் வைக்கட்டும்.