தரகர் வேலையை நிறுத்துங்கள்

மனைவி இறந்து 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி. மத்தியானம் வாழையிலை மடிக்க முன்னமே, உறவினரே, கணவருக்கு மறுமணப் பேச்சைத் தொடங்கிவிடுகிறீர்கள். "ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள். தனி ஆம்பிளை என்னெண்டு வளக்கிறது? கோண்டாவிலில ஒரு பிள்ளை இருக்கு, நல்ல குணம்." அந்த இரண்டு பிள்ளைகளும் அதே பந்தியில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காது கேட்கும்.

கைம்பெண் மறுமணம் என்றால் முகம் சுளிக்கிற அதே வாய்தான், மனைவியை இழந்தவருக்கு ஆண்டுத் திவசம் வரமுன்னமே சாதகம் கேட்கிறது. அழவாவது அந்த மனிதரை விட்டீர்களா? செத்தவீட்டிலேயே, "நீ அழுதால் பிள்ளையளை ஆர் தேற்றுறது?" என்று வாயை அடைத்துவிட்டீர்கள்.

தகப்பன் தனியே வளர்த்தால் பிள்ளை உருப்படாது என்று யார் சொன்னது? யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திரணகம, 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. பள்ளிக்கூடம் போகும் வயதில் இரண்டு மகள்மார். அரசியலால் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்த கணவர் தயாபால திரணகம, பிள்ளைகளோடு லண்டன் போய் அவர்களை வளர்த்தார். இளையவர் சரிகா இன்று மானிடவியலாளர். தாயைப் பற்றி 2005இல் வந்த ஆவணப்படத்தில் தாயின் பாத்திரத்தில் நடித்தவரும் அவரே.

எங்கள் ஊர்த் தகப்பன் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. காலையில் இடியப்பம் அவித்து, இரட்டைப் பின்னல் பின்னி, ரிப்பன் கட்டி, ஏழரை மணிக்குள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்குகிறார். ஒரு பின்னல் மேலே, மற்றது கீழே. அதைப் பார்த்து, "பாவம், தாயில்லாப் பிள்ளை" என்று நீங்கள் உச்சுக்கொட்டுவதைக் கேட்டபடிதான் பிள்ளை வகுப்புக்குள் போகிறது. பின்னல் கோணினால் என்ன, படிப்பு ஏறாதா?

பெற்றோர் கூட்டத்தில் அவரைப் பின் கதிரையில் விடாதீர்கள். "வீட்டில பொம்பிளையள் ஆரும் இல்லையோ?" என்று கேட்காதீர்கள். மகள் பெரியபிள்ளையாக முன்னமே, மாதவிடாய் பற்றிப் பக்குவமாகச் சொல்லிக்கொடுக்க ஒரு சித்தியோ மாமியோ வேண்டும். அவருக்கு உண்மையாகவே கை கொடுக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே மட்டும் ஒருவரையும் காணோம்.

பின்னேரம் ரியூசன் முடிய உங்கள் பிள்ளையை ஏற்றும்போது, அவர் பிள்ளையையும் ஏற்றிவந்து வீட்டில் விடுங்கள். சாதகக் கட்டை உங்கள் வீட்டு அலுமாரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.