கழுகுக் கூட்டுக்குத் தணிக்கை வேண்டாம்

2016 ஏப்ரலில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு வெண்தலைக் கழுகு தன் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்தது. நாள்தோறும் நடப்பதுதான், அன்று வந்தது பூனை. மொனொங்கஹேலா ஆற்றை ஒட்டிய ஹேஸ் மலைச்சரிவில் இருந்த அந்தக் கூட்டை நேரலைக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் கொதித்துப்போனார்கள். மீனும் அணிலும் முயலும் கிழிபட்டபோது எழாத கோபம் அது. பார்க்கக் கடினம்தான், ஆனால் கழுகு அன்றாடம் செய்வது இதைத்தான் என்று கேமராத் திட்டத்தில் பங்குகொண்ட பறவை ஆர்வலர் சங்கம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சங்கம் சொன்னது சரி. இன்னும் உரக்கவே சொல்லியிருக்கலாம். கூட்டில் எது நடந்தாலும் கேமராவை அணைக்கக் கூடாது, படத்தை வெட்டக் கூடாது என்பது என் கட்சி. குஞ்சின் பஞ்சு உடலை ரசிக்க மட்டும் அந்தக் கேமரா என்றால் அதை மரத்தில் ஏற்றிய உழைப்பு வீண்.

அந்தக் கூட்டில் ஒரு முட்டை முழுசாகக் கிடப்பதே பெரிய செய்தி என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வெண்தலைக் கழுகு அமெரிக்காவின் அரசு முத்திரையில் 1782இலேயே ஏறிவிட்டது. முத்திரையில் இருந்த பறவை மரத்தில் இல்லாமல் போகவிருந்தது. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களில் 1963இல் கணக்கில் வந்தவை 417 இணைகள் மட்டுமே. டிடிடி பூச்சிமருந்து ஆற்றில் கலந்து, மீனில் சேர்ந்து, மீன் தின்ற கழுகின் உடலில் குவிந்தது. முட்டை ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே நொறுங்கியது. 1972இல் டிடிடிக்குத் தடை வந்தது. ஆறுகளில் கழிவு குறைந்தது, வேட்டைக்கு எதிரான சட்டம் இறுகியது, 2007இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து கழுகு நீங்கியது. 2019 கணக்கெடுப்பில் அதே 48 மாநிலங்களில் 71,400 இணைகள். இரும்பாலைப் புகையில் நூறாண்டு கிடந்த பிட்ஸ்பர்க் நகருக்குள் 2013இல் கூடு கட்டியபோது, அங்கே கழுகு கூடு கட்டி 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தலைநகர் வாஷிங்டனின் தேசிய மரப்பூங்காவில் 1947க்குப் பிறகு 2014இல்தான் ஓர் இணை வந்தது. ஆகவே 35 நாள் அடைகாப்பை நேரலையில் பார்ப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு சட்டம் பலித்ததைப் பார்க்கிறார்.

ஆனால் பார்ப்பவர் அதோடு நிற்பதில்லை. குடும்பக் கதை எழுதத் தொடங்கிவிடுகிறார். அந்த வாஷிங்டன் இணைக்கு ‘மிஸ்டர் பிரசிடென்ட்’, ‘ஃபர்ஸ்ட் லேடி’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்துவிட்டால் ஒழுக்கமும் எதிர்பார்ப்போம் அல்லவா? இது புதிய வியாதி அல்ல. 1784இல் மகளுக்கு எழுதிய கடிதத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின், மீன் பிடிக்கும் இன்னொரு பறவையிடமிருந்து பறித்துத் தின்கிறது என்று இதே கழுகின் நடத்தையைக் குறைசொன்னார். இன்று மூத்த குஞ்சு இளையதைக் கொத்தும்போது திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் பதறுவதும் அந்தக் குறைசொல்லின் தொடர்ச்சிதான். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு வழி திரையில் ஓர் எச்சரிக்கை வரி, பக்கத்தில் ஓர் ஆசிரியர். பசியையும் சாவையும் கழித்துவிட்டுக் காட்டினால் பிள்ளைகள் பார்ப்பது கழுகை அல்ல, கழுகு வேடம் போட்ட பொம்மையை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: துடிக்கும் குஞ்சைக் காப்பாற்ற முடியும்போது சும்மா பார்ப்பது கொடுமை இல்லையா? 2014இல் மின்னசோட்டாவின் இரட்டை நகரப் பகுதியில் இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. மாநில இயற்கை வளத் துறையின் கேமராவில் ஒரு குஞ்சு அசைய முடியாமல் கிடந்தது. தலையிட மாட்டோம் என்றது துறை. பார்வையாளர்கள் ஆளுநர் அலுவலகம் வரை முறையிட்டார்கள். துறை இறங்கிவந்து குஞ்சை எடுத்தது. முறிந்த இறக்கை, பரவிவிட்ட தொற்று. கருணைக்கொலையைத் தவிர வழி இல்லை என்றார்கள் மருத்துவர்கள். அந்த இரக்கத்தை நான் கேலி செய்யவில்லை. அது தவறான முகவரிக்குப் போனது என்கிறேன். சில ஆண்டுகளில் ஒரு கூட்டின் எல்லாக் குஞ்சுகளும் பிழைப்பதில்லை. 417 இணையிலிருந்து 71,400 ஆனது அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான். கழுகுக்கு நாம் செய்யும் கொலையோ கேமராவில் தெரிவதே இல்லை. 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்து 2022இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ பாதிப் பறவைகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சின் தடயம் இருப்பதாகச் சொன்னது. வேட்டைக்காரர்கள் காட்டிலேயே விட்டுப்போகும் மான் குடலில் தோட்டாவின் ஈயத்துகள் கிடக்கிறது. கழுகு அதைத் தின்கிறது. ரத்தம் உறையாமல் செய்யும் எலி மருந்தும் நகரத்து எலி வழியே அதே அலகுக்கு வந்துசேர்கிறது. பூனைக்காகக் கொதித்தவர்கள் இதற்குக் கொதித்திருந்தால் பயன் இருந்திருக்கும். அந்தப் பூனையைத் தெருவில் விட்டதும் கழுகு அல்லவே.

அப்படியானால் கேமரா பொய் சொல்கிறதா? பாதி உண்மை சொல்கிறது. அந்தக் குறையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காகக் கேமராவே பறவைக்குத் தொல்லை என்ற வாதத்தை ஏற்க முடியாது. கழுகுகள் கூட்டுக்கு வராத பருவத்திலேயே அதைப் பொருத்திவிடுகிறார்கள். இரவில் அகச்சிவப்பு ஒளிதான். 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கழுகைத் தொந்தரவு செய்வதே குற்றம் என்பதால், அடைகாக்கும் நாளில் கருவி பழுதானாலும் மரம் ஏறத் தயங்குவார்கள். மரத்தடியில் கூடும் கூட்டத்தைவிட எங்கோ வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் எவ்வளவோ மேல்.

2023 ஏப்ரல் 2 அன்று, அதே மின்னசோட்டாத் துறை காட்டிய கூடு, கனத்த பனி பெய்து கிளை முறிந்து தரையில் விழுந்தது. இருபது ஆண்டுக்கு மேல் சுள்ளி சேர்ந்து, தொள்ளாயிரம் கிலோ எடையாக வளர்ந்த கூடு. சில நாள்களே ஆன குஞ்சு இறந்தது. பனியைக் கண்டிக்க யாராலும் முடியாது, ஈயத்தைத் தடுக்க முடியும். இனி ஏதாவதொரு கூட்டில் பெற்றோர் இரையைப் போடும் நொடியில், அந்த இறைச்சியில் ஈயம் இருக்கலாம், ஈயத்துக்குப் பதில் செம்புத் தோட்டா கடையில் கிடைக்கிறது என்று திரையின் ஓரத்தில் இரண்டு வரி ஓடட்டும். மான் வேட்டைக்குப் போகும் யாரோ ஒருவரும் அந்நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.