முதல் ஐந்து ஆட்டங்களும் அவகாசத்தின் விலையும்

கோலார் தங்கவயலுக்கு அருகிலுள்ள பெரிய கால்பந்து அணி பெங்களூரு எஃப்.சி. மாரிகுப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் தொடர்வண்டியில் நாள்தோறும் தலைநகருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு, ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் ஆடும் அவ்வணியின் வெற்றி தோல்விகள் வெளியூர்ச் செய்திகள் அல்ல. பெரும் பெயருடைய முன்கள ஆட்டக்காரர் ஒருவர் அங்கு ஒப்பந்தமானால், ஐந்தாவது ஆட்டம் முடிவதற்குள் இரண்டில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்: வாங்கிய காசு வீண், அல்லது இவரைப் போல் எவரும் இல்லை. இதை ரசிக உணர்ச்சி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் மனித உழைப்பை மதிப்பிடும் ஒரு பொதுப் பழக்கம் இத்தீர்ப்புகளில் வெளிப்படுகிறது. அப்பழக்கம் ஆராயத் தக்கது.

2022-இல் பெங்களூரு அணிக்கு வந்த ராய் கிருஷ்ணா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிஜியில் பிறந்த இந்திய வம்சாவளியினரான அவர், 2019-20 பருவத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்காக 15 கோல்களும், அடுத்த பருவத்தில் ஏ.டி.கே. மோகன் பகானுக்காக 14 கோல்களும் அடித்தவர். அதற்கடுத்த பருவத்தில் கோல்கள் 7 ஆகக் குறைந்தன. வயதும் 35-ஐ எட்டிக்கொண்டிருந்தது. இந்தியன் சூப்பர் லீகில் ஊதியங்கள் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. எனவே இங்கு ஓர் ஆட்டக்காரரின் ‘விலை’ என்பது பெரிதும் அவர்மீது ஏற்றப்படும் எதிர்பார்ப்புதான். அவ்வகையில் லீகின் விலையுயர்ந்த முன்கள ஆட்டக்காரர்களுள் அவரும் ஒருவர்.

அந்தப் பருவம் பெங்களூருக்கு மோசமாகத் தொடங்கியது. முதல் 12 ஆட்டங்களில் 3 வெற்றி, 1 சமன், 8 தோல்வி. இடையில் தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அப்பருவத்துக்கு முன் பெங்களூரை விட்டுச் சென்றிருந்த கிளெய்ட்டன் சில்வா, ஈஸ்ட் பெங்காலுக்காக ஆடி, தம் பழைய அணியை வீழ்த்தினார். சென்றவர் கோல் அடிக்கிறார், வந்தவர் அடிக்கவில்லை என்ற ஒப்பீடு இயல்பாகவே எழுந்தது. பின்னர் நிலைமை தலைகீழானது. எஞ்சிய 8 லீக் ஆட்டங்களிலும் பெங்களூரு வென்றது. 2023 மார்ச்சில் கோவாவில் நடந்த இறுதியாட்டம்வரை சென்றது. அவ்வாட்டத்தில் கிருஷ்ணா ஒரு கோல் அடித்தார். அணி பெனால்டியில் தோற்றது. அவரது லீக் கணக்கு 6 கோல்களில் நின்றது. அடுத்த பருவத்தில் ஒடிசாவுக்குச் சென்ற அவர், 36 வயதில் 13 கோல்கள் அடித்தார்.

இவற்றுள் எந்தக் காலத்தை வைத்து அவரை மதிப்பிடுவது? கணக்கு எளியது. சராசரியாக 30 ஆட்டங்களுக்கு 12 கோல் அடிக்கும் நல்ல முன்கள ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். அவரது திறன் சற்றும் குறையாத நிலையிலும், குறிப்பிட்ட ஐந்து ஆட்டங்களில் அவர் கோலே அடிக்காமலிருக்க ஏறக்குறைய 13 விழுக்காடு வாய்ப்புண்டு. அதாவது ஏழில் ஒன்று. பதினொரு அணிகள் உள்ள ஒரு லீகில் ஒவ்வொரு அணியும் இத்தகைய ஒருவரை வாங்கினால், அவர்களுள் ஒருவரோ இருவரோ முதல் ஐந்து ஆட்டங்களில் வெறுங்கையோடு நிற்பர். அதற்குத் தற்செயல் ஒன்றே போதும். டானியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1971-இல் ‘சிறிய எண்களின் விதி’மீதான நம்பிக்கை என்று பெயரிட்டது இத்தகைய மயக்கத்தையே. அவர்கள் எச்சரித்தது பயிற்சி பெற்ற ஆய்வாளர்களைத்தான்; மைதானத்துப் பார்வையாளரை மட்டும் குறை கூறுவதில் நியாயமில்லை.

இம்மயக்கம் இருபுறமும் வெட்டும். 2019-இல் பெங்களூருக்கு வந்த ஸ்பெயின் நாட்டு மனுவேல் ஓன்வு, லீகில் கோல் கணக்கைத் திறக்காமலேயே ஒடிசாவுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். அங்கே 4 ஆட்டங்களில் 7 கோல்கள். கேரள அணியுடன் 4-4 எனச் சமனில் முடிந்த ஆட்டத்தில் மட்டும் மூன்று. பெங்களூரு ஒரு மாணிக்கத்தைத் தெருவில் எறிந்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் அடுத்த பருவத்தில் அவர் அந்த வேகத்தின் அருகில்கூட வரவில்லை. ஒடிசா அட்டவணையின் கடைசி இடத்தில் முடிந்தது. முதல் தீர்ப்பு எவ்வளவு அவசரமானதோ, அதை மறுத்த இரண்டாம் தீர்ப்பும் அவ்வளவே அவசரமானது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1999-இல் ஆர்சனலுக்கு வந்த தியரி ஆன்றி தொடக்க ஆட்டங்களில் கோலின்றித் தடுமாறி, இறுதியில் அவ்வணிக்காக 228 கோல்கள் அடித்தார். 2011 ஜனவரியில் 5 கோடி பவுண்டுக்குச் செல்சி வாங்கிய ஃபெர்னாண்டோ டோரஸ் முதல் கோலுக்கு ஏப்ரல்வரை காத்திருந்தார். பழைய டோரஸ் பின்னரும் திரும்பவில்லை. தொடக்கக் கோல் கணக்கு மட்டுமே கையிலிருந்தால், இவ்விருவரையும் எவராலும் பிரித்தறிந்திருக்க முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இதற்கான விடை தங்கவயலின் வரலாற்றிலேயே உள்ளது. 1880-இல் தொடங்கப்பட்ட மைசூர் தங்கச் சுரங்கக் குழுமம், சில ஆண்டுகளுக்குள் முதலீட்டை ஏறக்குறைய முழுவதும் கரைத்துவிட்டது. கைவிட்டுவிடலாம் என்ற எண்ணம் பங்குதாரர்களிடையே வலுத்திருந்தது. நிர்வாகத்தை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் எஞ்சிய தொகையைக் கொண்டு தோண்டுவதைத் தொடர்ந்தது. 1880களின் நடுப்பகுதியில் சாம்பியன் படிவு அகப்பட்டது. இதைப் பொறுமையின் வெற்றி என்று மட்டும் சொல்வது போதாது. அங்கே பழங்காலத்தவர் தோண்டிய ஆழமான குழிகள் இருந்தன. அவ்வளவு ஆழத்துக்கு ஒருவர் வீணாகத் தோண்டியிருக்க மாட்டார் என்ற ஊகத்தின் பேரில், அக்குழிகளுக்கும் கீழே தேடப்பட்டது. புதிய மாதிரிகள் ஏமாற்றியபோது பழைய சான்று நம்பிக்கைக்கு அடிப்படை தந்தது. புள்ளியியலார் ‘முன்னறிவு’ என்று குறிப்பிடுவது இதைத்தான். சான்றின் துணையற்ற பொறுமையும் ஆபத்தானதே. தாதுவில் தங்கம் அருகிப்போன பின் நட்டத்திலேயே இயங்கிய அதே சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

கிருஷ்ணாவைப் பொறுத்தவரை 15, 14, 7 என்ற கணக்குகளே அந்தப் பழங்குழிகள். ஐந்தாறு ஆட்டங்களின் வறட்சி அவற்றை அழித்துவிடாது. வயது கூடுவதால் வரும் சரிவைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று மட்டுமே அது சொல்லும். கோலுக்கு அப்பாற்பட்ட உழைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதே பருவத்தில் அவருக்கு இணையாக முன்களத்தில் ஆடிய சிவசக்தி நாராயணன் லீகின் வளரும் ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். காரைக்குடிக்கு அருகிலுள்ள கண்டனூரைச் சேர்ந்த அவ்விளைஞருக்குக் கிடைத்த வெற்றிடங்களுள் பல, எதிரணித் தற்காப்பு கிருஷ்ணாவின் பக்கம் இழுக்கப்பட்டதால் உருவானவை என்று வாதிட இடமுண்டு. கோல் பட்டியலில் இதற்குத் தனிக்கட்டம் இல்லை.

ஆனால் இவ்விவாதம் விலையுயர்ந்தவரோடு முடிந்துவிடக் கூடாது. பாரி ஸ்டாவும் ஹா ஹோவாங்கும் 1995-இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வை ஆராய்ந்தனர். தேர்வு வரிசையில் முன்னிலையில் எடுக்கப்பட்டவர்கள், ஆட்டத்திறனைக் கணக்கில் கொண்ட பின்னும் கூடுதல் நேரம் களத்தில் வைக்கப்பட்டதையும், அணியில் நீண்ட காலம் தக்கவைக்கப்பட்டதையும் அவர்கள் கண்டனர். கோலின் கேமரரும் ராபர்ட்டோ வெபரும் 1999-இல் செய்த மறு ஆய்வில் அவ்விளைவின் அளவு குறைந்தது, மறையவில்லை. செலவிட்ட பணம் அவகாசத்தையும் சேர்த்தே வாங்கிக் கொடுக்கிறது. ரசிகர் எவ்வளவு கூச்சலிட்டாலும், பெரும் ஒப்பந்தத்துடன் வந்தவருக்கு ஆறாவது ஆட்டமும் பத்தாவது ஆட்டமும் கிடைத்துவிடும்.

கிடைக்காதவர் வேறொருவர். தேர்வு முகாமுக்குத் தங்கவயலிலிருந்து தொடர்வண்டியில் வந்து நிற்கும் பதினாறு வயதுச் சிறுவனுக்குச் சில நிமிட ஆட்டமே முழு மாதிரி. தவறிய இரண்டு பந்துகளோடு அவன் கதை முடிந்துவிடுகிறது. புள்ளியியலின்படி நியாயம் இதற்கு நேர்மாறானது. முன்னறிவு நிறைய உள்ளவரைப் பற்றிப் புதிய ஆட்டங்கள் சொல்வது சொற்பம். எதுவுமே அறியப்படாதவரைப் பற்றித்தான் நீண்ட கவனிப்பு தேவை. சிவசக்தி முதல் அணிக்கு வருமுன் பெங்களூருவின் இரண்டாம் அணியில் இருந்து, உள்ளூர் சூப்பர் டிவிஷன் லீகில் ஆடியவர். அவரை உருவாக்கியதில் திறமைக்கு எவ்வளவு பங்குண்டோ, அந்த வெளிச்சமற்ற பருவத்துக்கும் அவ்வளவு பங்குண்டு.

வட ஆர்க்காட்டிலிருந்து வந்து மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி உழைத்த மக்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் இது. அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களது திறனுக்கு எந்தப் பங்குச் சந்தையும் அவகாசம் அளித்ததில்லை. ஆகவே புதிய முன்கள ஆட்டக்காரரை ஐந்து ஆட்டங்களில் தீர்ப்பிடாதீர்கள் என்ற அறிவுரை சரியானதே. ஆனால் அது பாதிதான். கர்நாடகக் கால்பந்து நிர்வாகமும் கழகங்களும் தங்கவயலில் ஒருநாள் தேர்வு முகாம்களுக்கு மாற்றாக, ஒரு பருவம் முழுதும் சிறுவர்களைக் கவனிக்கும் லீகையும் பயிற்சியாளர்களையும் தர வேண்டும் என்பது மறுபாதி. கோடிகளுக்குத் தரப்படும் பொறுமையில் ஒரு பங்கேனும் அந்தச் சிறுவனுக்கும் உரியது.