எந்தப் பாசி?

"அண்ணா, தொட்டி பூரா பாசி. என்ன மருந்து ஊத்தலாம்?"

என் வீட்டில் செடி வளர்க்கும் மீன்தொட்டி இருப்பது தெருவுக்கே தெரிந்துவிட்டதால், கோடை பிறந்தால் இந்தக் கேள்விக்குப் பஞ்சமில்லை. எந்தப் பாசி என்று திருப்பிக் கேட்டால் சலித்துக்கொள்கிறார்கள். "பச்சையா இருக்குண்ணா, அவ்வளவுதான்."

அது போதாது. தண்ணீரே பச்சையாகிவிட்டால் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. கோயில் குளங்கள் பச்சையாவதற்கான காரணங்கள்தான் இதற்கும்: தேங்கிய நீர், நேர் வெயில், மீனுக்கென்று அள்ளிக் கொட்டும் தீனி. தொட்டியை மூன்று நான்கு நாள் போர்வையால் மூடி வையுங்கள், தெளியும். கையில் வழுக்கிக்கொண்டு இழை இழையாக வந்தால், பள்ளியில் படம் வரைந்தோமே, அந்த ஸ்பைரோகைராவோ அதன் பங்காளியோ. பழைய டூத் பிரஷில் சுற்றி எடுத்துவிடலாம். புதுத் தொட்டியில் பழுப்புத் தூள் படிந்தால் டயாட்டம். சில வாரங்களில் தானே போய்விடும், மெனக்கெட வேண்டாம்.

இலை ஓரத்தில் கறுப்பாகக் குச்சமிடும் தாடிப் பாசி பிடிவாதக்காரன். பார்க்கக் கறுப்பு, குலத்தால் சிவப்புப் பாசி. ஃபில்டரை நிறுத்திவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊசிக்குழாயால் அதன் மேலேயே சொட்டுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லியைத் தாண்டக் கூடாது. சாகும்போது இளஞ்சிவப்பாக மாறித் தன் குலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கரும்பச்சைப் படலமாக உரிந்து வந்து மண்வாடை அடித்தால், நீலப்பச்சைப் பாசி என்று பெயர், ஆனால் அது பாசியே இல்லை, பாக்டீரியா. இதற்கு ஆன்டிபயாடிக் கரைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை, ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போகும். படலத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியை இருட்டாக்கி, நீரோட்டத்தைக் கூட்டினாலே பெரும்பாலும் அடங்கும். இந்த நீலப்பச்சை வகைகளைப் பற்றி 1959-ல் வெளிவந்து உலகெங்கும் புரட்டப்பட்ட பெருநூலை எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி. அவருடைய ஆசான் எம்.ஓ.பி. அய்யங்கார், இந்தியப் பாசியியலின் தந்தை. 1932-ல் அவர் விவரித்த ஃபிரிட்ஷியெல்லா, ஈரச் சேற்றில் வளர்ந்து, மண்ணுக்குள் ஒரு பகுதியும் மேலே ஒரு பகுதியுமாக நிற்கும் பாசி. நீர்ப்பாசி எப்படித் தரையேறியிருக்கும் என்று யோசித்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பேசினார்கள். சேற்றுக் குட்டையில் குனிந்து பார்த்தவர்களின் நாடு இது. நாம் கண்ணாடித் தொட்டியைக்கூடக் குனிந்து பார்ப்பதில்லை.

பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி, செடியைத் தேற்றுவது. எங்கள் ஊரான திருவண்ணாமலையில் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. இந்தத் தண்ணீரில் கார்பன் பெரும்பாலும் பைகார்பனேட்டாகத்தான் இருக்கும், கரியமில வாயுவையே நம்பும் விலையுயர்ந்த செடிகள் ஏங்கி நிற்கும், அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் அப்படியல்ல. அந்தப் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொண்டு வளர்ந்து தள்ளும். ஏரியில் சும்மா கிடப்பதாலேயே நம்மவர்களுக்கு ஹைட்ரில்லா இளக்காரம். (1950-களில் தொட்டிச் செடியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே ஏரிகளை அடைத்துக்கொண்டதும் இதே செடிதான்.)

அடுத்து விளக்கு. ஆறேழு மணி நேரம் போதும். டிவி அணையும்வரை தொட்டி விளக்கும் எரியும் வீட்டில் எந்த மருந்தும் பலிக்காது. முந்நூறு ரூபாய் பாட்டிலை விட ஒரு டைமர் சுவிட்ச் மேல்.

கடைசியாக, கடைக்காரர் பரிந்துரைக்கும் 'டேங்க் கிளீனர்', அதாவது சக்கர் மீன். விரல் நீளத்தில் இருக்கும்போது பாசியைச் சுரண்டும், உண்மைதான். வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும், செடியைப் பிடுங்கும், அது போடும் கழிவே பாசிக்கு உரம். அப்புறம் அதை வாளியில் போட்டுக்கொண்டு குளத்தைத் தேடிப் போவார்கள், புண்ணியம் என்ற நினைப்பில். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் இந்த மீன் பெருகி, முள்துடுப்பால் வலையைக் கிழித்து மீனவர்களைப் படுத்துகிறது. எங்கள் ஊர் சமுத்திரம் ஏரிக்கு அந்தக் கதி வேண்டாம். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். காசு தரமாட்டார்கள், மீனை வாங்கிக்கொள்வார்கள்.