வெள்ளீயம் கேட்கும் கேள்வி

நிக்கல் சூப்பர் அலாய்களைப் பற்றி நண்பர் எழுதியிருக்கும் நீண்ட கட்டுரையில் ஒரு வசதி உண்டு: அதை மறுக்க வேறெங்கும் போக வேண்டாம், அடுத்த பக்கத்தைப் புரட்டினாலே போதும். தொடக்கத்தில், உலோகத்துக்குள் விளையும் காமா பிரைம் என்ற நுண்துகள்களே வலுவுக்கெல்லாம் காரணம், நிக்கலில் கரைந்து கிடக்கும் மாலிப்டினமும் டங்ஸ்டனும் ரீனியமும் வெறும் பக்கமேளம் என்கிறார். நடுவில், அந்தத் தனிமங்கள் தங்கள் உயர்ந்த உருகுநிலையை நிக்கலுக்கு வழங்குவதால்தான் அது தாக்குப்பிடிக்கிறது என்கிறார். முடிவிலோ, அவற்றை அள்ளிப் போடுங்கள் என்று ஆலோசனை வேறு. பக்கமேளத்தை எதற்கு ஐயா பத்து மடங்காக்கச் சொல்கிறீர்கள்?

உருகுநிலைக் கதையை முதலில் பார்ப்போம். கோபால்ட் 1495 டிகிரி செல்சியஸில் உருகும், அலுமினியம் 660 டிகிரியில். நண்பரின் கணக்குப்படி கோபால்ட் நிக்கலைக் கெட்டிப்படுத்த வேண்டும், அலுமினியம் இளக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ்: அணுவுக்கு அணு ஒப்பிட்டால், கரைந்த நிலையில் அலுமினியம் தரும் வலு கோபால்ட் தருவதைப் போலப் பல மடங்கு. 232 டிகிரியிலேயே உருகிவிடும் வெள்ளீயம், குறைந்த வெப்பநிலையில் அளந்தால், 3422 டிகிரி டங்ஸ்டனுக்குச் சளைக்காமல் நிற்கிறது. (எஞ்சினுக்குள் வெள்ளீயத்தை விட யாரும் துணியமாட்டார்கள் என்பது வேறு கதை.) வெள்ளீயம் எந்த உருகுநிலையை வழங்கியது?

காரணம் எளிது. கோபால்ட் அணு ஏறக்குறைய நிக்கலின் அளவே, ஆகவே அணிக்கோவைக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. அளவில் ஒத்துப்போகாத அணுவோ சுற்றுப்புறத்தைப் பிதுக்குகிறது. உலோகம் நெளியும்போது ஊர்ந்து வரும் டிஸ்லொகேஷன் (அணு வரிசையில் உள்ள பிறழ்வு) அந்தப் பிதுக்கத்தில் மாட்டி, வில்லாக வளைந்து, கூடுதல் விசை கிடைத்த பிறகே விடுபடுகிறது. இந்த வலுவுக்குச் சமன்பாடு எழுதிய ஃப்ளைஷரும் லாபுஷும் கணக்கில் எடுத்தது இந்த அளவு வேறுபாட்டையும் விறைப்பு வேறுபாட்டையும்தான். அவர்களுடைய சமன்பாடுகளில் உருகுநிலைக்கு இடமே இல்லை. அளவும் முழுக்கதை அல்ல. 1986இல் மிஷிமா குழுவினர் ஜப்பானில் அளந்து காட்டியபடி, மாலிப்டினம் போன்ற இடைநிலை உலோகங்கள் அளவை வைத்து எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே வலுவூட்டுகின்றன. எலெக்ட்ரான் அமைப்புக்கும் பங்குண்டு என்று அர்த்தம். உருகுநிலை உயர்ந்த தனிமங்கள் நிக்கலில் மெதுவாக நகரும் என்றாவது நண்பர் எழுதியிருந்தால் பாதி மதிப்பெண் போட்டிருக்கலாம். அங்கேயும் டங்ஸ்டனைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் ரீனியம் அதைவிட மெதுவாக நகர்ந்து அவர் காலை வாரியிருக்கும்.

இனி பக்கமேளம். ஜெட் எஞ்சினின் எரியறைகளில் பல ஆண்டுகளாக உழைத்துவரும் ஹாஸ்டெலாய் எக்ஸ் என்ற நிக்கல் கலவையில் சுமார் 22 சதவீதம் குரோமியம், 18 சதவீதம் இரும்பு, 9 சதவீதம் மாலிப்டினம். காமா பிரைமை விளைவிக்கும் நோக்கமே அதில் கிடையாது. தகடாக உருட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, தீயின் நடுவே நிறுத்துகிறார்கள். 700 டிகிரியைத் தாண்டும் நீராவிக்காக கல்பாக்கம் விஞ்ஞானிகளும் சேர்ந்து உருவாக்கிய கொதிகலன் குழாய்களின் 617 வகைக் கலவையும் முதன்மையாகக் கரைசல் வலுவையே நம்புகிறது. இவற்றைப் பற்றி கட்டுரையில் ஒரு வரி இல்லை. தெரியாமலா, தெரிந்தேயா? சரி, காமா பிரைம் 70 சதவீதம் அடைத்திருக்கும் சிஎம்எஸ்எக்ஸ்-4 டர்பைன் அலகுக்கே வருவோம். துகள்களுக்கு இடையே உள்ள, காமா எனப்படும் நிக்கல் கரைசலின் குறுகிய வாய்க்கால்களில்தான் டிஸ்லொகேஷன்கள் முதலில் புகுகின்றன. அங்கேதான் அதில் சேர்த்த 3 சதவீத ரீனியத்தில் பெரும்பகுதி போய்த் தங்குகிறது. துகளே போதுமென்றால் உலகின் அரிய உலோகங்களில் ஒன்றை எதற்காக வாங்கிக் கரைக்கிறார்கள், பணம் கொழுத்தா?

அள்ளிப் போடும் ஆலோசனையை நீட்டி மறுக்கத் தேவையில்லை. வலு, செறிவின் வர்க்கமூலத்தையோ மூன்றில் இரண்டு அடுக்கையோ ஒட்டித்தான் ஏறும். அளவை இரட்டித்தால் பலன் இரட்டிக்காது. வரம்பு மீறினால் சிக்மா, மியூ போன்ற நொறுங்கும் கட்டங்கள் ஊசிகளாக முளைத்து, கரைந்திருந்த ரீனியத்தையே உறிஞ்சிக்கொள்ளும். சிஎம்எஸ்எக்ஸ்-10இல் ரீனியத்தை 6 சதவீதமாக்க, அரிப்பிலிருந்து காக்கும் குரோமியத்தை 2 சதவீதத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. இந்த விலையை யார் கொடுப்பதாம்?

எனக்கு ஒரு சந்தேகம். காமா பிரைம் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அழகான கனசதுரங்களாகத் தெரியும், கட்டுரைக்குப் படம் கிடைக்கும். கரைந்த அணு அப்படி எளிதில் போஸ் கொடுக்காது. நண்பரின் ஆறு படங்களும் கனசதுரங்களே. ஏழாவதாக அவர் சான்று காட்டும் ‘ரீனியம் கொத்துகள்’ 1980களின் கருதுகோள். 2008வாக்கிலிருந்து நுட்பமான அளவீடுகளில் அந்தக் கொத்துகள் அகப்படவே இல்லை என்பதை அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.